தொட்டியில் மீனும் பாத்தியில் கீரையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியன் ஒருவனைப் பேச அழைத்தால், தேர்ச்சி விழுக்காடு பற்றியோ உதவித்தொகை பற்றியோ பேசுவான் என்றே எதிர்பார்ப்பீர்கள். எனக்கு இடப்பட்ட பணி அதுவன்று. அயோத்தியாப்பட்டணத்தைச் சுற்றியுள்ள நம் தெருக்களில் பத்துக் குடும்பங்களுக்கு, மீனும் கீரையும் சேர்த்து வளர்க்கும் தொட்டி அமைத்துத் தர ஒரு திருச்சபையின் சமூகப்பணிக் குழு முன்வந்திருக்கிறது. அதனை ஏற்பதா, மறுப்பதா, ஏற்றால் எந்த முறையில் ஏற்பது என்பது குறித்துச் சங்கத்தில் இரண்டு கூட்டங்கள் நடந்தன. இரண்டிலும் குரல்கள் உயர்ந்தன. "சார் வந்து விளக்கிச் சொல்லட்டும்" என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் படித்தது வரலாறு. ஆகவே இந்த அறிவியலை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் கற்றேன். உங்களுக்கும் அவ்வண்ணமே சொல்லுகிறேன்.

அக்வாபோனிக்ஸ் என்னும் பெயர் புதிது. அதன் கருத்து அத்துணைப் புதிதன்று. கிணற்றில் மீன் விட்டு, அந்தத் தண்ணீரை இறைத்து மிளகாய்ச் செடிக்குப் பாய்ச்சிய நம் மாவட்டத்து உழவர், மீன் கழிவு பயிருக்கு உரமாகும் என்பதைப் புத்தகம் படித்து அறிந்தவரல்லர். சீன தேசத்தில் நெல் வயலிலேயே மீன் வளர்க்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. அதனைத் தொட்டிக்குள்ளும் குழாய்க்குள்ளும் அடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் 1970, 1980-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் கரிபியன் கடலில் உள்ள விர்ஜின் தீவுகளிலும் பணியாற்றிய ஆய்வாளர்கள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2014-இல் சிறு குடும்பங்களுக்கு ஏற்ற அளவில் இதனைச் செய்வதற்கான கையேடு ஒன்றை வெளியிட்டது. நான் சொல்லப்போகும் அளவுகளில் பெரும்பாலானவை அதனைத் தழுவியவை.

மீனுக்கு நாம் இடும் தீவனத்தில் புரதம் இருக்கிறது. மீன் அதில் ஒரு பகுதியைத் தன் உடலாக்கிக்கொண்டு, எஞ்சியதைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக நீரில் விடுகிறது. அம்மோனியா மீனுக்கே நஞ்சு. நீரிலும் கற்களின் மேலும் வாழும் நுண்ணுயிர்களில் ஒருவகை அதனை நைட்ரைட் ஆக்குகிறது; அதுவும் நஞ்சே. மற்றொருவகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. இஃது ஓரளவுக்கு மீனைத் துன்புறுத்துவதில்லை. செடிக்கோ நல்ல உணவு. நிலத்தில் இவ்வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களை வினோகிராட்ஸ்கி என்னும் ருசிய அறிஞர் 1890-ஆம் ஆண்டளவில் பிரித்துக் காட்டினார். தொட்டித் தண்ணீரைச் சிறிய மோட்டார் ஜல்லிப் பாத்திக்கு ஏற்றும். பாத்தியில் உள்ள செடி தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். தெளிந்த நீர் மறுபடியும் தொட்டிக்கு இறங்கும். ஆக, நாம் வளர்ப்பது மீன், செடி என்னும் இரண்டையல்ல. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஒன்றையும் வளர்க்கிறோம். அது முழுதாகக் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். பொறுமையில்லாமல் முதல் நாளே மீனை நிரப்புகிறவர் பத்தாம் நாள் செத்த மீனை அள்ளுவார்.

இம்முறையின் பெருமை தண்ணீர்ச் சிக்கனத்தில் இருக்கிறது. நிலத்தில் பாய்ச்சும் நீர் மண்ணுக்குள் இறங்கிப் போய்விடும். இங்கே ஆவியாவதும் செடி குடிப்பதும் போக மற்றது திரும்பி வருகிறது. நாள்தோறும் தொட்டிக் கொள்ளளவில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரை ஊற்றினால் போதும். கோடையில் ஒரு குடத்திற்குக் கால் கடுக்க நிற்கும் நம் பெண்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

தண்ணீர் என்றவுடன் நம் மக்களுக்கு வேறு நினைவுகளும் வரும். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் தீர்மானம் கொண்டுவந்தது 1924-இல். மகாத்தில் சவுதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் கையால் அள்ளிப் பருகியது 1927 மார்ச் 20-இல். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் எத்தனை ஏரிகளில் மீன்பாசி ஏலம் நடந்தது, அதில் முன்பணம் கட்டி ஏலம் எடுக்க நம்மில் எத்தனை பேரால் முடிந்தது என்பதை இங்குள்ள மூத்தவர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். தன் வாசலில் தன் தொட்டியில் தன் மீன் நீந்துகிறது என்பது நமக்கு வெறும் தோட்டக்கலை அன்று. இதனைச் சொல்லிவிட்டேனே தவிர, இந்த உணர்ச்சியை வைத்துக்கொண்டு கணக்கை மறந்துவிடக் கூடாது. கணக்குக்கு வருவோம்.

மூன்று சென்ட் மனையில் வீடு கட்டியது போக மிஞ்சும் இடத்தில் ஆயிரம் லிட்டர்த் தொட்டி ஒன்றும் மூன்று சதுர மீட்டர்ப் பாத்தியும் அமைக்கலாம். அதில் ஜிலேபிக் கெண்டை நாற்பது, நானூறு கிராம் அளவுக்கு வளர்ந்தால் பதினாறு கிலோ. இதற்கு ஆறேழு மாதம் ஆகும். ஒரு கிலோ மீன் உருவாக ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தீவனம் வேண்டும். எனவே மொத்தம் இருபத்தாறு கிலோ. தீவனம் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,560 ரூபாய். குஞ்சு ஒன்று 5 ரூபாய் வீதம், சாவுக்கும் சேர்த்து நாற்பத்தைந்து வாங்கினால் 225 ரூபாய். செலவு 1,785. மீனைக் கிலோ 150 ரூபாய்க்கு விற்றால் வரவு 2,400. மிச்சம் 615 ரூபாய். அதாவது மாதம் நூறு ரூபாய்கூட இல்லை. தொட்டியின் விலையும் மோட்டாரின் தேய்மானமும் இதில் சேரவில்லை.

"இதற்காகவா எங்களைக் கூட்டினீர்கள்?" என்று பின்வரிசை இளைஞர்கள் சிரிப்பது தெரிகிறது. இதனால் இலட்சாதிபதி ஆகலாம் என்று செல்போனில் படம் காட்டுகிறவர்களின் பேச்சை நம்பி வந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இந்த அளவில் இது தொழிலன்று.

பின் எதற்கு? வாரத்துக்கு மூன்று கட்டுக் கீரை, ஆறு மாதத்தில் பதினாறு கிலோ மீன் ஆகியவற்றை விற்காமல் வீட்டிலேயே சமைத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நின்ற நிலையில் மயங்கிச் சாயும் பெண் பிள்ளைகளை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். தண்ணீர் தெளித்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று பேருக்கு இரத்தசோகை. சத்துணவும் காலை உணவும் இரும்புச்சத்து மாத்திரையும் வந்திருக்கும் மாநிலத்தில் இந்த நிலை. கீரையில் இருக்கும் இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதே வேளைச் சோற்றில் ஒரு துண்டு மீன் இருந்தால் கூடுதலாக ஏற்கிறது. நம் சங்கம் பத்தாம் வகுப்பில் முதலிடம் பெறும் மாணவிக்குப் பரிசு வழங்குகிறது. அந்த மாணவி பத்தாம் வகுப்பு வரை நின்று படிப்பதற்கு இரத்தம் வேண்டுமே என்பதும் கல்விச் சங்கத்தின் கவலைதான்.

(வேடிக்கையாக ஒன்று. இந்தத் தொட்டிச் செடிகளுக்கும் இரும்புக் குறை வரும். மீன் தீவனத்தில் அது குறைவு. தளிர் இலை வெளிறி மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். அப்போது செடிக்குரிய இரும்புச்சத்து உப்பைச் சிறிதளவு நீரில் கலக்க வேண்டும்.)

நம் பகுதிக்கே உரிய ஓர் இடையூறு உண்டு. சேலம் மாவட்டத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். சோப்பு நுரைக்காத நீர் என்று பெண்கள் சொல்வது இதைத்தான். அமில-காரக் குறியீடு எட்டுக்கு மேல் போனால் அம்மோனியாவின் நச்சு பெருகும். இரும்பும் செடிக்குக் கிடைக்காமல் போகும். ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் வைத்தால் மீன், செடி, நுண்ணுயிர் மூன்றும் சமாதானமாக இருக்கும். ஆகையால் மழைநீரைச் சேர்த்துக் கலப்பது நல்லது. குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். திறந்த பாத்திரத்தில் இரண்டு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும். பாத்திக்கு இடும் ஜல்லி கருங்கல் ஜல்லியாக இருக்கட்டும். சந்தேகம் வந்தால் ஒரு கல்லின் மேல் சிறிது வினிகர் விட்டுப் பாருங்கள். குமிழி எழுந்தால் சுண்ணாம்புக் கல், வேண்டாம். தொட்டியை மூடி வைக்க வேண்டும். பாசி படியாமைக்கும், அதைவிட முக்கியமாகத் தவழும் குழந்தை விழாமைக்கும். வேதிப்பொருள் வந்த பழைய பீப்பாயை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். கீரைக்குப் பூச்சிமருந்து அடித்தால் மீன் மிதக்கும்.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து மின்தடை. இதில் என் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் மாணவர்களைக் கொண்டு இதேபோல் ஒரு தொட்டி அமைத்தோம். தண்டுக்கீரை ஒரு முழ உயரம் வளர்ந்தது. மீன்களுக்குப் பிள்ளைகள் சினிமா நடிகர்களின் பெயரெல்லாம் வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வழக்கம்போல எல்லா வகுப்பறைகளிலும் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போகும்படி நான் உத்தரவிட்டேன். மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்பது என் சுபாவம். மாணவன் ஒருவன் அந்த உத்தரவை அப்படியே நிறைவேற்றி, மோட்டாரையும் நிறுத்திவிட்டான். மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் காற்றோட்டம் நின்றால் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறும். திங்கட்கிழமை காலையில் முப்பதுக்கு மேற்பட்ட மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. பையன் அழுதான். அவனைத் திட்ட வாயெடுத்தபோது, "நிறுத்தச் சொன்னது நீங்கள்தானே சார்" என்றான். அதற்கு என்னிடம் விடை இல்லை. அவனிடம் அன்றே மன்னிப்புக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இந்த மேடையில் சொல்லுகிறேன்.

எனவே மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுக்குழாய் ஒன்று தொட்டிதோறும் கட்டாயம் வேண்டும். நாற்பது வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு அறுபது. வீடுகளுக்குத் தரப்படும் இலவச நூறு யூனிட்டில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி, திருச்சபை உதவி என்னும் செய்திக்கு வருகிறேன். இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்தச் சேலத்தில் 1876-இல் பிறந்த கே. டி. பால் என்னும் பெரியவரை நம் பிள்ளைகளில் யாருக்கும் தெரியாது. கனகராயன் திருச்செல்வம் பால் என்பது முழுப்பெயர். இந்திய ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் பொதுச் செயலாளர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். 1930-இல் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறித்தவர்களின் பிரதிநிதியாக அவர் அமர்ந்திருந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அதே மாநாட்டில் அமர்ந்திருந்தவர்கள் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும். மாநாட்டிலிருந்து திரும்பி, 1931 ஏப்ரலில் பால் மறைந்தார்.

கிராமத்துக் கிறித்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஏழைகள், கடனில் மூழ்கியவர்கள் என்பதை அவர் கண்டார். பிரசங்கத்தாலும் தருமத்தாலும் கடன் தீராது என்று உணர்ந்து, முதலில் கூட்டுறவுக் கடன் சங்கங்களைத் தூக்கி நிறுத்தினார். ஒய்.எம்.சி.ஏ. கிராமப்பணியில் இறங்கியது அவருடைய முயற்சியால். அந்தப் பணியின் கனிந்த வடிவம் 1920-களில், அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் தோன்றியது. அதனை நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர். அவர் துணைவியார் எமிலியும் உடன் உழைத்தார். ஏழைக் குடும்பம் தன் கொல்லையிலேயே, தன் கையிலுள்ளதை வைத்தே செய்யக்கூடியதைத்தான் அங்கே கற்பித்தார்கள். நல்ல இனச் சேவல், தேனீப் பெட்டி, சுத்தமான பனைவெல்லம், முட்டையைத் தரம் பிரித்து ஒன்றாகச் சேர்த்து விற்கும் சங்கம். பொருளை இலவசமாக வாரி வழங்குவதில்லை. குடும்பம் தானே செய்ய வேண்டும். தடுமாறும்போது பக்கத்தில் நின்று வழிகாட்ட அறிந்த ஆள் இருப்பார். எந்த மதத்தவரும் வரலாம். பரோடா அரசு கோசம்பாவில் இதுபோன்ற மையம் அமைக்க 1930-களில் ஹாட்சின் ஆலோசனையை நாடியது.

தேனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். மரப்பொந்தில் கூடு கட்டும் நம் நாட்டுத் தேனீயைப் பெட்டிக்குள் குடியேற்ற, திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் பாதிரியார் சிறியதொரு மலிவான பெட்டியை வடிவமைத்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. இரப்பர்த் தோட்டமும் தென்னையும் உள்ள குமரி மாவட்டத்தில், சொந்த நிலம் இல்லாதவனும் பிறர் தோட்டத்தில் பெட்டி வைத்துத் தேன் எடுக்க முடிந்தது. இந்தக் குறிப்பை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்: தேனீ வளர்க்க நிலப் பட்டா தேவையில்லை. வளர்த்தவர்கள் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். அமெரிக்கர் திரும்பிப் போனார்; வெள்ளையர் ஆட்சி போனது; மாவட்டமே மாநிலம் மாறி 1956-இல் தமிழகத்தோடு இணைந்தது; தேன் நிற்கவில்லை. 1991-92-இல் ஒரு வைரசு நோய் பரவித் தென்னாட்டுத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. அதிலிருந்தும் மீண்டு வந்தார்கள். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதற்கு எதிரிடையான சான்று ஒன்று அமெரிக்காவில் உண்டு. வில் ஆலன் என்னும் கறுப்பினத்தவர், குத்தகை விவசாயக் குடும்பத்தில் வந்தவர், கூடைப்பந்து வீரராக இருந்தவர். மில்வாக்கி நகரின் ஏழைப் பகுதியில் 1993-இல் 'குரோயிங் பவர்' என்னும் நிறுவனம் கண்டு, கண்ணாடிக் குடிலுக்குள் மீனும் கீரையும் வளர்த்து, தம் மக்களின் பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்தார். 2008-இல் அந்நாட்டின் புகழ்பெற்ற மக்கார்தர் விருது அவருக்குக் கிடைத்தது. உலகெங்குமிருந்து பார்க்க வந்தார்கள். ஆயினும் அந்நிறுவனம் கடன் சுமையால் 2017-இல் கலைக்கப்பட்டது. மனிதர் உழைப்பில் குறையில்லை. பெரிதாகப் பெரிதாக, வெளியிலிருந்து வரும் நன்கொடையை நம்பி நின்றது. தன் விளைச்சலில் அது நிற்கவில்லை என்றே நான் கருதுகிறேன். மார்த்தாண்டத்தில் பெட்டி ஒவ்வொருவர் வீட்டிலும் இருந்தது. மில்வாக்கியில் எல்லாம் ஒரு நிறுவனத்திடம் இருந்தது.

இனி, கூட்டங்களில் குரல் உயர்ந்த இடம். "சர்ச்சுக்காரர்கள் கொடுக்கும் தொட்டியைக் கட்டிக்கொண்டால் நாளைக்கு வருவாய்த்துறையில் நம் பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கு ஆபத்து வராதா?" என்று ஒரு தாய் கேட்டார். அது சிரிக்கத்தக்க கேள்வியன்று. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி முதலில் இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்பட்டனர். 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான நம் உறவினர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சாதி அவர்களை விடவில்லை. சலுகை மட்டும் விட்டது. கல்லறையிலும் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழகத்தில் உண்டென்பது யாவரும் அறிந்ததே. இது பற்றி ஆராய 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 2024 நவம்பரில், ஞானஸ்நானம் பெற்றுத் திருச்சபை வழிபாட்டிலும் தொடர்ந்து கலந்துகொண்ட புதுச்சேரிப் பெண் ஒருவர் சான்றிதழ் கோரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்துத் தீர்ப்பளித்தது. ஆகவே அந்தத் தாயின் அச்சத்துக்கு அடிப்படை உண்டு.

ஆனால் உதவி பெறுவது வேறு, மதம் மாறுவது வேறு. மிஷன் பள்ளியில் படித்தவர்களும் மிஷன் மருத்துவமனையில் பிள்ளை பெற்றவர்களும் மதம் மாறிவிட்டதாகச் சட்டம் சொல்லவில்லை. சேலத்துக்கு இலண்டன் மிஷன் 1827-இல் வந்தது. அதன் வழியாகப் படித்தவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. மதம் என்பது ஒவ்வொருவரின் மனச்சாட்சி. ஞானஸ்நானம் பெற விரும்புகிறவர் பெறட்டும். அது அவர் உரிமை. மீன் தொட்டிக்காகப் பெற வேண்டாம், மீன் தொட்டிக்காக மறைக்கவும் வேண்டாம். நான் வேண்டுவதெல்லாம், உதவி திருச்சபையிலிருந்து நேரே வீட்டுக்கு வராமல் நம் சங்கத்தின் வழியாக வரட்டும் என்பதே. சங்கத்துக்கும் அக்குழுவுக்கும் எழுத்து மூலம் உடன்பாடு இருக்கட்டும். வழிபாட்டுக்கு வருவது உள்ளிட்ட எந்த நிபந்தனையும் இல்லை என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். அதனை எழுதத் தயங்குகிறவர்களிடம் நாமும் தயங்குவோம். நான் பேசிப் பார்த்த அளவில், அவர்கள் தயங்கவில்லை.

மற்றொரு மறுப்பை நம் பட்டதாரி இளைஞர் எழுப்பினார். "நாங்கள் படித்தது கீரை பறிக்கவா? பஞ்சமி நிலத்தை மீட்காமல் தொட்டியைக் கொடுத்து ஏமாற்றுகிறீர்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பாதி நியாயம். பாதிக்கு மேல் என்றே சொல்வேன். செங்கற்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பயனாக 1892-இல் நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் இன்று யார் யார் கையிலோ இருக்கிறது. 1994-இல் காரணையில் அந்த நிலத்துக்காகப் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் துறந்தார்கள். ஆயிரம் லிட்டர்த் தண்ணீர் இதற்கு ஈடாகாது. தொட்டி கிடைத்ததால் நில மனுவை நிறுத்துங்கள் என்று எவராவது சொன்னால், தொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் நிலவழக்கு முடிய எத்தனை ஆண்டு ஆகும் என்பதை அந்த இளைஞரே அறிவார். அதுவரை ஏழாம் வகுப்புப் பெண் மயங்கி விழுந்துகொண்டிருக்க வேண்டுமா என்பது என் கேள்வி. கீரை பறிக்க அவரை அழைக்கவில்லை. நீர்ச் சோதனைக் கருவியைப் பயன்படுத்தி, பத்து வீட்டுக் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதிவர ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு அவர் படிப்பு தேவைப்படுகிறது.

அரசுத் திட்டமும் உண்டு என்பதை மறவாதீர்கள். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புறச் சிறு மீன்தொட்டிகளும் இடம்பெற்றன. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் மானியம் நூற்றுக்கு அறுபது, மற்றவர்க்கு நாற்பது என்று வகுக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் முன் அவ்வாண்டின் நிலையை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். பெறுவதற்கு உரிமை உள்ளதைக் கேட்டுப் பெறுவதும், நண்பர் தருவதை நன்றியோடு ஏற்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. மீன் குஞ்சை மட்டும் அனுமதி பெற்ற பொரிப்பகத்தில்தான் வாங்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி சீக்கிரம் வளரும் என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். அது தடை செய்யப்பட்ட மீன்.

என் யோசனையைச் சொல்லி முடிக்கிறேன். பத்துக் குடும்பம் வேண்டாம், முதலில் மூன்று. ஒன்று கிறித்தவக் குடும்பமாகவும் இரண்டு மற்றவையாகவும் இருக்கட்டும். தொட்டி வீட்டுப் பெண்ணின் பெயரில் எழுதப்படட்டும். விலையில் கால்பங்கையாவது குடும்பம் மாதத் தவணையில் சங்கத்துக்குச் செலுத்தட்டும். அந்தப் பணம் திருச்சபைக்கும் போக வேண்டாம், சங்கச் செலவுக்கும் வேண்டாம். மோட்டார் பழுதானால் மறுநாளே மாற்றுவதற்கான நிதியாகத் தனிக் கணக்கில் இருக்கட்டும். உதவுகிறவர்களின் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டில் முடிந்துவிடும். நாலாவது ஆண்டு மோட்டார் யார் கையில் என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். முதல் அறுவடை மீனில் ஒன்றும் விற்கப்படக் கூடாது. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தில் இருப்பேன். விருப்பமுள்ள குடும்பத்தார் தங்கள் வீட்டு நீரைச் சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலில், குழாய்த் தண்ணீர் தனி, போர்த் தண்ணீர் தனியாக எடுத்து, பெயரும் தெருவும் எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள். திங்கட்கிழமை அவற்றைச் சோதனைக்கு அனுப்பலாம். பள்ளியில் அன்று அழுத அந்த மாணவன் இப்போது பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கிறான். மின்கலத்தோடு காற்றுக்குழாய் இணைக்கும் முறையைக் காட்ட அவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.